‘ஃபண்ட்’ என்று எழுதுவதற்கு முன்: பாலக்காட்டு எல்லையில் மனு, ரசீது, கணக்கு எழுதுபவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை மகளிர் குழுவும், முதலமடை மாந்தோப்புக்காரரும், வேலந்தாவளம் கோயில் கமிட்டியும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஃபண்ட் வந்திருச்சா?” பேச்சுக்கு அந்த ஒரு சொல் போதும். தாளில் எழுதப் போதாது. குழு காத்திருப்பது வங்கிக் கடனுக்கு, தோப்புக்காரர் காத்திருப்பது மானியத்துக்கு, கமிட்டி வசூலிப்பது நன்கொடை. மூன்றுக்கும் விண்ணப்பம் வேறு, ரசீது வேறு, கணக்குப் புத்தகத்தில் ஏறும் இடமும் வேறு. ‘ஃபண்ட் தந்து உதவ வேண்டுகிறோம்’ என்று மொட்டையாக முடியும் மனுவை எந்த மேசைக்கு அனுப்புவது என்று அலுவலகத்தில் இருப்பவருக்கே தெரியாது. அது தபால் கட்டிலேயே கிடக்கும்.

எழுத உட்காரும்போது மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? கொடுப்பவருக்குப் பதிலாக என்ன போகிறது? இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எழுத வேண்டிய சொல் தானாக வந்துவிடும்.

திருப்பித் தர வேண்டிய பணம்

வட்டியோடு திருப்பித் தருவது கடன். இதில் குழப்பம் இல்லை, ஆனால் கூச்சம் உண்டு. கடன் என்று எழுதக் கூச்சப்பட்டு ‘நிதியுதவி’ என்று எழுதுகிறார்கள். வங்கிக்கு எழுதும்போது அந்தக் கூச்சம் வேண்டாம். தெரிந்தவரிடம் வட்டியில்லாமல் வாங்குவது கைமாற்று. அதுவும் கடன்தான், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கிக் கணக்கு வழியாக வாங்குங்கள்.

‘ஃபைனான்ஸ்’ என்பது நம் பக்கத்தில் தவணை வட்டிக்கடையைக் குறிக்கும். கேரளத்துக்காரர்கள் அதில் கொடும் வட்டிக்காரர்களைப் ‘பிளேடு’ என்பார்கள். (தமிழில் பிளேடு போடுகிறவரிடம் காதைத்தான் இழப்போம், அங்கே தோப்பையே இழக்கலாம்.) ஆகவே மனுவில் ‘ஃபைனான்ஸ் உதவி’ என்று எழுதாதீர்கள், ஏற்கெனவே எங்கோ தவணை நிலுவை இருக்கிறது என்ற எண்ணம்தான் வரும்.

முன்பணம் தனி வகை. பின்னால் வரப்போகும் சரக்கிலோ கூலியிலோ கழித்துக்கொள்ளக் கொடுப்பது அது. மாமரம் பூக்கும்போதே தோப்பைப் பேசி முடிக்கும் வியாபாரி தருவது முன்பணம். பூ உதிர்ந்து காய் பிடிக்காமல் போனால் அந்தப் பணம் திரும்ப வேண்டுமா, அடுத்த பருவத்துக்குப் போகுமா, வியாபாரிக்கு நட்டமா? இந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அவர் அதைக் கடன் என்பார், நீங்கள் குத்தகைப் பணம் என்பீர்கள். பஞ்சாயத்தில் உட்காரும் வழக்குகளில் இது பழைய வழக்கு.

சீட்டுப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரள அரசின் கேஎஸ்எஃப்இ நிறுவனம் நடத்தும் சிட்டி (நம் ஏலச்சீட்டு) நம் ஊர்களில் பலர் கட்டுவது. தவணை முடியும் முன்பே ஏலத்தில் எடுத்த சீட்டுப் பணத்தைத் தொழிலில் போட்டுவிட்டு ‘சொந்தப் பணம்’ என்று காட்டுகிறார்கள். மீதித் தவணை உங்கள் தலைமேல் இருக்கும்வரை அது பொறுப்பு. வங்கி கேட்கும் சொத்து-பொறுப்புப் பட்டியலில் அந்த மீதித் தொகையைப் பொறுப்புப் பக்கத்தில் எழுதுங்கள். தவணை முழுதும் கட்டி முடித்த பிறகே அது சொந்தப் பணம்.

மானியம் என்ற ஒரே சொல்லில் இரண்டு பொருள்

தமிழில் மானியம் என்றால் இரண்டும் அடங்கும். பல்கலைக்கழக மானியக் குழு கொடுப்பதும் மானியம், சமையல் சிலிண்டருக்கு வருவதும் மானியம். முதலாவது ஒரு வேலைக்காக முழுதாகக் கொடுக்கும் தொகை. இரண்டாவது விலையிலோ கடனிலோ ஒரு பகுதியைத் தாங்குவது. முன்னதை இப்போது கல்வித்துறையில் சிலர் ‘நல்கை’ என்று எழுதுகிறார்கள். நல்ல சொல், ஆனால் பஞ்சாயத்து மனுவில் போட்டால் யாருக்கும் புரியாது. ‘முழு மானியம்’, ‘கடனோடு இணைந்த மானியம்’ என்று பிரித்து எழுதுவதே நடைமுறைக்கு உதவும்.

கடனோடு இணைந்த மானியத்தில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குகின்றன. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிராமப் பஞ்சாயத்தில் உள்ள ஒரு பெண் 6,00,000 ரூபாய்க்குத் தேங்காய் எண்ணெய்ச் செக்கு வைக்கிறார் என்று வையுங்கள். பெண் என்பதால் சிறப்புப் பிரிவு. சொந்தப் பங்கு 5 சதவீதம், கிராமப்புற மானியம் 35 சதவீதம். விண்ணப்பத்தில் பலர் எழுதுவது இப்படி:

‘சொந்தப் பணம் 30,000, வங்கி லோன் 5,70,000, சப்சிடி 2,10,000, ஆக மொத்த ஃபண்ட் 8,10,000.’

இந்தக் கூட்டலே தப்பு. மானியம் கடனுக்கு மேல் வரும் தனிப்பணம் அல்ல, கடனுக்குள்ளேயே அடங்கியது. சரியாக எழுதினால்:

‘மொத்தத் திட்ட மதிப்பு ரூ. 6,00,000. இதில் எனது பங்கு ரூ. 30,000. வங்கிக் கடன் ரூ. 5,70,000. தகுதியான மானியம் ரூ. 2,10,000; இது கடன் கணக்கில் சரிக்கட்டப்படும்.’

மானியத் தொகை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக நிற்கும். அதற்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கும் வங்கி வட்டி போடாது. மூன்று ஆண்டு முடிந்து, தொழில் நடக்கிறதா என்று பார்த்த பிறகு கடனில் கழியும். இடையில் செக்கை விற்றுவிட்டால் மானியம் வந்த வழியே திரும்பிப் போகும். ‘சப்சிடி எடுத்து அடுத்த மெஷின் வாங்குவேன்’ என்று திட்ட அறிக்கையில் எழுதுபவர் இந்த விதியைப் படிக்கவில்லை என்பது வங்கி மேலாளருக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும். நிலத்தின் விலையையும் திட்ட மதிப்பில் சேர்க்காதீர்கள், இந்தத் திட்டத்தில் அது ஏற்கப்படாது. பொதுப்பிரிவு ஆணுக்குச் சொந்தப் பங்கு 10 சதவீதம், கிராமத்தில் மானியம் 25, நகரத்தில் 15. விண்ணப்பிக்கும் வாரத்தில் விகிதங்களை மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

‘முத்ரா மானியம்’ என்று ஒன்று கிடையாது. 2015இல் தொடங்கிய முத்ரா வெறும் கடன்: சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ். ஈடு கேட்க மாட்டார்கள் என்பதே அதன் சலுகை. அதுபோல, கடன் உத்தரவாத நிதியம் உங்கள் கடனுக்கு ‘உத்தரவாதம்’ தருகிறது என்றால் காப்பாற்றப்படுவது வங்கி. தவணை கட்டாமல் விட்டால் வங்கிக்கு நிதியத்திலிருந்து ஒரு பங்கு கிடைக்கும். உங்கள் கடன் அப்படியே இருக்கும்.

விதைநிதி என்ற சொல்லையும் ஆராய்ந்துதான் நம்ப வேண்டும். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்தியத் திட்டத்தில் சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை விதைநிதி உண்டு. குழுக்களின் கூட்டமைப்புக்கு அது மானியமாக வருகிறது. அங்கிருந்து உறுப்பினருக்குக் கடனாகப் போகிறது. ஒரே பணம், மேலே மானியம், கீழே கடன். அப்பளம் போடும் பெண்ணிடம் ‘விதைநிதி இலவசம்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினால் ஆறு மாதத்தில் குழு உடையும்.

சுழல்நிதியும் அப்படியே. அது குழுவிலேயே தங்கி, ஒருவர் எடுத்து, அடைத்து, அடுத்தவர் எடுக்க வேண்டியது. அதை மொத்தமாக எடுத்துத் தையல் மெஷின் வாங்கிவிட்டால் சுழல எதுவும் இருக்காது. தணிக்கையில் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

மலையாளப் படிவத்தில் தடுக்கி விழும் இடங்கள்

சித்தூர் தாலுகாவில் (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறோம், ஆந்திரத்துச் சித்தூரும் எல்லைதான், தமிழர் இருக்கும் இடம்தான், ஆனால் அங்கே படிவம் தெலுங்கில்) மொழி வாசனை ஒன்றாக இருப்பதே ஆபத்து. மலையாளத்தில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டும்போது தமிழ்க் காதுக்குப் புரிந்ததுபோலவே இருக்கும்.

மிகவும் செலவு வைப்பது ‘குணபோக்த்ரு விஹிதம்’. பயனாளியின் பங்கு என்று காதில் விழும், நமக்கு வரும் பங்கு என்று மனம் எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது நீங்கள் கட்ட வேண்டிய பங்கு. தொழுவத்துக்கோ கிணற்றுக்கோ பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் வந்ததும் அந்தக் கட்டத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, பிறகு அதைக் கட்டச் சொல்லும்போது விழிப்பவர்கள் உண்டு. உங்களுக்கு வருவது என்ன என்று தெரிய ‘சப்சிடி’ அல்லது ‘தனசஹாயம்’ என்றிருக்கும் கட்டத்தைப் பாருங்கள்.

‘வாய்ப’ என்றால் கடன். ‘வாய்ப கிடைக்கும்’ என்று சொன்னால் வாய்ப்பு கிடைக்கும் என்று வீட்டுக்கு வந்து சொல்லாதீர்கள். ‘பணயம்’ அடகு, ‘ஸ்வர்ணப் பணயம்’ நகைக்கடன். அதை அப்படியே தமிழ் மனுவில் ‘நகையைப் பணயம் வைத்து’ என்று எழுதினால் சூதாட்டத்தில் வைத்ததுபோல் இருக்கும். ‘அடகு வைத்து’ என்று எழுதுங்கள். ‘ஈடு’ மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றே. ‘பிரிவு’ என்பது அங்கே வசூல். கோயில் பிரிவு என்றால் கோயிலுக்கு வசூல் என்று பொருள். ‘சம்பாவன’ நன்கொடை; நம் சம்பாவனை புரோகிதருக்குத் தருவதோடு நின்றுவிடும். ‘முதல்முடக்கு’ முதலீடு. தமிழில் முதல் முடங்கியது என்றால் பணம் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம், அங்கே ஒருவர் பெருமையாகச் சொல்லும் வார்த்தை அது.

பஞ்சாயத்துக் கணக்கில் ‘தனது ஃபண்ட்’ என்று கண்டால் தலைவர் தன் கையிலிருந்து போட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வரி, கட்டணம் வழியாகப் பஞ்சாயத்து தானே ஈட்டிய வருவாய் அது. அரசிடமிருந்து திட்டத்துக்கு வருவது ‘பத்ததி விஹிதம்’. மனு எழுதும்போது எந்தத் தலைப்பில் கேட்கிறோம் என்று குறிப்பிட்டால், ‘இந்தத் தலைப்பில் பணம் இல்லை’ என்ற பதிலையாவது விரைவில் வாங்கலாம்.

பணம் செலவான பிறகு வரும் பொறி ‘விநியோக சாக்ஷ்யபத்ரம்’. நமக்கு விநியோகம் என்றால் பங்கிட்டுக் கொடுப்பது. யாருக்கு எத்தனை கொடுத்தோம் என்ற பெயர்ப்பட்டியலை இணைத்து அனுப்புகிறார்கள். அவர்கள் கேட்பது பயன்பாட்டுச் சான்றிதழ்: வந்த தொகை, செலவழித்த தொகை, மிச்சம், எந்த வேலைக்கு, எந்தத் தேதிக்குள். பட்டியலையும் சேர்க்கலாம், அது பின்னிணைப்பு.

கடனுக்கான காகிதங்களிலும் இதே கதை. ‘ஆதாரம்’ கொண்டுவரச் சொன்னால் பத்திரம். ஆதார் அட்டையை நீட்டாதீர்கள். ‘பாத்யதா சர்டிஃபிக்கட்’ நம் வில்லங்கச் சான்று. ‘கைவச சர்டிஃபிக்கட்’ நிலம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு வில்லேஜ் ஆஃபீசில் வாங்குவது. பொள்ளாச்சியில் நிலம், கோபாலபுரத்தில் வீடு என்று இரண்டு மாநிலத்திலும் கால் வைத்திருப்பவர்கள் இரண்டு பெயரையும் அடைப்பில் எழுதிக் கொடுத்தால் வங்கிக்கு வசதி.

ஒதுக்கியது வந்தது ஆகாது

செய்தியிலும் ஃப்ளெக்ஸிலும் ‘நிதி வழங்கப்பட்டது’ என்று அவசரமாக எழுதிவிடுகிறோம். படிகள் இருக்கின்றன: அறிவிப்பு, ஒதுக்கீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், விடுவிப்பு, கணக்கில் வரவு. பள்ளிக் கட்டடத்துக்கு ஒதுக்கீடு ஆனது என்றால் பட்ஜெட் தாளில் ஒரு வரி இருக்கிறது, அவ்வளவே. விடுவித்த பிறகும் நிதியாண்டு முடிய, அதாவது மார்ச் 31க்குள், செலவு கணக்கு காட்டாவிட்டால் பணம் கைநழுவிப் போகலாம். பெற்றோர் சங்கக் கூட்டக் குறிப்பில் எந்தப் படியில் இருக்கிறது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். ஆண்டுக்கணக்கில் ‘ஃபண்ட் வந்து எங்கே போச்சு’ என்று தலைமையாசிரியரைச் சந்தேகப்படுவதற்கு இந்த ஒரு சொல் மயக்கமே பல இடங்களில் காரணம்.

நன்கொடை, உபயம், விளம்பரம்

எதுவும் எதிர்பார்க்காமல் கொடுப்பது நன்கொடை. ஒரு நாள் பூசையையோ ஒரு வேளை அன்னதானத்தையோ முழுதாக ஏற்பது உபயம். முதலைத் தொடாமல் அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு காரியம் நடக்கும்படி வைப்பது கட்டளை. பள்ளியில் அதையே பரிசு நிதி, மூலநிதி என்கிறார்கள். பொங்கல் சாட்டுக்கு (ஊர்க் கோயில் திருவிழாவுக்கு) குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுவது வரி. அதை நன்கொடை ரசீதில் எழுதுவது வழக்கமாகிவிட்டது, ஆனால் தராதவர் பெயர் நோட்டில் ஏறுகிறது என்றால் அது நன்கொடை எப்படி ஆகும்?

ஸ்பான்சர் வேறு. கடைக்காரர் பணம் தந்து, பந்தலில் தன் கடைப் பெயர், ஃபோன் நம்பர், தள்ளுபடி எல்லாம் போடச் சொன்னால் அது விளம்பரக் கட்டணம். ஜிஎஸ்டி பதிவு உள்ள அமைப்பு என்றால் வரி வரும். கடைப் பெயரோ தொழிலோ முன்னுக்கு வராமல், ‘தந்தையின் நினைவாக இன்னார் உபயம்’ என்று நன்றிக்காக மட்டும் பெயர் போட்டால் வரி இல்லை என்று 2019 அக்டோபரில் ஜிஎஸ்டி சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. அது அறப்பணி அமைப்புக்குத் தரும் கொடைக்குப் பொருந்தும். ஆகவே ரசீதில் எழுதும் சொல்லும் பந்தலில் தொங்கும் ஃப்ளெக்ஸும் ஒத்துப்போக வேண்டும். ரசீதில் நன்கொடை, ஃப்ளெக்ஸில் ‘ஆடித் தள்ளுபடி’ என்றால் ஒத்துப்போகவில்லை.

80ஜி வரிக்கழிவு (கொடையாளருக்கு வருமான வரியில் கிடைக்கும் கழிவு) தரும் அறக்கட்டளை என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கிக் கொடுத்த ரசீது கொடையாளருக்குப் பயன்படாது. துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது நன்கொடை. அங்குள்ள வெளிநாட்டு நிறுவனம் அனுப்புவது அயல்நாட்டுப் பங்களிப்பு. பின்னதற்கு மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கமிட்டியின் சாதாரணக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு ‘நல்ல காரியத்துக்குத்தானே’ என்பது அங்கே செல்லாது.

ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு எழுதும்போது ஆங்கிலம் தேவைப்படும். ‘ஃபண்ட்’ ஒருமையில் எழுதினால் ஒரு நோக்கத்துக்கென்று ஒதுக்கி வைத்த தொகுப்பு. ‘ஃபண்ட்ஸ்’ பன்மையில் எழுதினால் கையிலிருக்கும் பணம். ‘ஃபண்டிங்’ பணம் தந்து தாங்கும் செயல், அதற்குப் பன்மை கிடையாது. ‘ஃபண்டிங்ஸ்’ என்று எழுதாதீர்கள். ‘ஃபைனான்சிங்’ என்றால் பெரும்பாலும் வட்டியோடு திரும்ப வேண்டிய ஏற்பாடு என்று எடுத்துக்கொள்வார்கள். ‘கிராண்ட்’ நிபந்தனையோடு தருவது, திரும்ப வேண்டாம். ‘டொனேஷன்’ நிபந்தனை குறைவு. ‘பேக்கிங்’ வாய்மொழி ஆதரவையும் சேர்த்துக்கொள்ளும், தொகை கேட்கும் இடத்தில் பலவீனமான சொல். ‘பேங்க்ரோல்’ பேச்சு வழக்கு, கடிதத்தில் வேண்டாம். அவர்களிடம் கேட்க வேண்டியது கிராண்ட்தான். அதற்கு முன் உங்கள் அமைப்புக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு எண் (சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான அரசுப் பதிவு) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல் எவ்வளவு சரியாக இருந்தாலும் கதவு திறக்காது.

கேரள அரசுக்கு எழுத ஆங்கிலமோ மலையாளமோ கட்டாயம் இல்லை. மொழிச் சிறுபான்மையினர் பகுதிகளில் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. தமிழில் எழுதும்போது திட்டத்தின் பெயரையும் கட்டத்தின் தலைப்பையும் மட்டும் அவர்கள் படிவத்தில் உள்ளபடியே மலையாள எழுத்தில் பக்கத்தில் போடுங்கள், கோப்பு சரியான மேசைக்குப் போகும். கொடுத்ததும் ‘கைப்பற்று ரசீது’ கேட்டு வாங்குங்கள். எதையும் பறிமுதல் செய்யப் போவதில்லை. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு அது. அதில் கோப்பு எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிட்டு நகருங்கள்.